பத்திரிகை வராமல் போன ஊர்கள்

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய பருத்திக் காட்டுக்கு நடுவே பிளைத்வில் என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. தலைநகர் லிட்டில் ராக்கிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 300 கிலோமீட்டர். ‘ஆர்கன்சா டெமாக்ரட் கெசட்’ நாளிதழுக்கு அங்கே சுமார் 200 சந்தாதாரர்கள் இருந்தார்கள். அந்த 200 பிரதிகளுக்காக ஒவ்வொரு இரவும் ஒரு வண்டி தலைநகரிலிருந்து கிளம்பியாக வேண்டும். 2018-இல் நிர்வாகம் அந்த ஊரைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டது. இனி ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அச்சுப் பிரதி. மற்ற ஆறு நாளும் அச்சுப் பக்கங்களை அப்படியே திரையில் காட்டும் மின்பதிப்பு. முதலில் சந்தாவில் சலுகை தருவதாகச் சொல்லிப் பார்த்தார்கள். அநேகமாக யாரும் அசையவில்லை. பிறகு, சந்தா கட்டும் வரை வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆளுக்கொரு ஐபேடைக் கையில் கொடுத்தார்கள். 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் மாறினார்கள்.

அந்த வெற்றியை நம்பி, 2019-இல் இதே ஏற்பாட்டை மாநிலம் முழுவதற்கும் விரித்தார் பதிப்பாளர் வால்டர் ஹஸ்மன். ஆர்கன்சாவின் 75 கவுன்டிகளுக்கும், அதாவது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள் அத்தனைக்கும், போய்க்கொண்டிருந்த பத்திரிகை அது. அதன் முன்னோடியான ‘ஆர்கன்சா கெசட்’ 1819-இல் தொடங்கியது. லிட்டில் ராக்கின் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பதை மாநில ஆளுநரே தடுத்து நின்ற 1957-ஆம் ஆண்டில், தன் வாசகர்களில் பெரும்பகுதியினரின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டு நியாயத்தின் பக்கம் நின்ற ஏடு. அதற்காக 1958-இல் இரண்டு புலிட்சர் பரிசுகள் பெற்றது. அப்படிப்பட்ட மரபுள்ள நாளிதழ், ஐபேடுகளுக்கு மட்டும் சுமார் 1 கோடியே 20 லட்சம் டாலர் செலவிட்டு, கிராமங்களுக்கான தினசரி அச்சுப் பிரதியை நிறுத்திக்கொண்டது. செய்தியாளர்களை வீட்டுக்கு அனுப்புவதா, வண்டிகளை நிறுத்துவதா என்ற நிலையில் வண்டிகளை நிறுத்தினேன் என்பது ஹஸ்மன் தரப்பு. அந்தத் தரப்பில் நியாயம் இருக்கிறது.

ஆனால் பிளைத்வில் கணக்கில் 70-ஐத் தவிர மிச்சமும் உண்டு. திரைக்கு மாறாதவர்கள் பத்திரிகையை எங்கே தேடினார்கள்? ஒரு பத்திரிகை சாவதைப் பற்றி எழுத இன்று ஆட்கள் இருக்கிறார்கள். உயிரோடு இருக்கும் பத்திரிகை ஓர் ஊருக்கு மட்டும் வராமல் போவதைப் பற்றி எழுதுவோர் குறைவு. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மெடில் இதழியல் பள்ளி ஆண்டுதோறும் அமெரிக்காவின் ‘செய்திப் பாலைவன’ங்களை வரைபடமாக்குகிறது. 2024 அறிக்கையின்படி 206 கவுன்டிகளில் உள்ளூர்ச் செய்தி தர ஓர் ஏடுகூட இல்லை. அந்த வரைபடம் எந்த ஊரில் எந்த ஏடு வெளியாகிறது என்பதைக் காட்டும். தலைநகரில் வெளியாகும் ஏடு எந்த ஊர் வரைக்கும் வந்து சேர்கிறது என்பது அதில் இருக்காது. பதிப்பாளர் செய்துவந்த ஒரு வேலை, அதாவது செய்தித்தாளையும் வாசகரையும் ஒரே இடத்தில் சேர்க்கும் வேலை, சத்தமில்லாமல் வாசகரின் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது. அந்தச் சுமையைத் தூக்க முடியாதவர்களே அதில் அதிகம் இழக்கிறார்கள். கட்டுரை முழுவதும் நான் சொல்ல வருவது இதைத்தான்.

கிராமத்துப் பிரதி ஏன் பதிப்பாளருக்குச் சுமையாகிறது என்று பார்ப்போம். அச்சகத்திலிருந்து கட்டுகள் லாரியில் ஏறி ஒரு பெட்ரோல் பங்க்கிலோ காலி வாகன நிறுத்தத்திலோ இறங்குகின்றன. அங்கிருந்து பேப்பர் போடுகிறவர் தம் சொந்தக் காரில், சொந்த பெட்ரோலில் கிளம்புகிறார். பெரும்பாலும் அவர் பத்திரிகையின் ஊழியர் இல்லை, ஒப்பந்தக்காரர். போடுகிற பிரதிக்கு இவ்வளவு என்று கூலி. நகரத்தில் ஒரு தெருவில் முப்பது வீடு போட்டுவிடலாம். பண்ணை நிலத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே சில கிலோமீட்டர் இருக்கும். ஒரு பிரதியை இருபது பேர் மாற்றி மாற்றிப் படிக்கும் டீக்கடை பெஞ்சும் அங்கே கிடையாது. வீட்டுக்கு ஒரு பிரதி, ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு பயணம்.

அமெரிக்கக் கிராமச் சாலைகளில் தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே இன்னொரு பிளாஸ்டிக் குழாய் நட்டிருக்கும். அதில் பத்திரிகையின் பெயர் எழுதியிருக்கும். தபால்தலை ஒட்டாத எதையும் தபால் பெட்டிக்குள் போடக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்வதால் வந்த ஏற்பாடு அது. அரசின் தபால் வண்டி அந்த வாசலைத் தாண்டிப் போகிறது, பத்திரிகையின் வண்டி தனியாக வருகிறது. ஒரே சாலையில் இரண்டு செலவு. சந்தா குறையக் குறைய, இரண்டாவது வண்டி ஓடும் தூரம் குறைவதில்லை. 60 பிரதி போட்ட பாதையில் 25 பிரதி போட்டாலும் அதே பெட்ரோல்தான் எரியும்.

அதைவிடப் பெரிய காரணம் விளம்பரம். இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க நாளிதழின் வருமானத்தில் பெரும்பங்கு விளம்பரத்திலிருந்து வந்தது, சந்தா அதற்கு அடுத்த இடத்தில்தான் இருந்தது. தலைநகரில் இருக்கும் ஜவுளிக்கடைக்காரர், 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் விவசாயி அந்த விளம்பரத்தைப் பார்ப்பதற்காகக் காசு கொடுக்க மாட்டார். ஆகவே தொலைதூரப் பிரதி ஒவ்வொன்றும் விளம்பரத்தால் ஈடுசெய்யப்படாத நஷ்டம். 1973 எண்ணெய் நெருக்கடியோடு காகித விலையும் ஏறியபோது பல மாநில நாளிதழ்கள் இந்தக் கணக்கைப் போடத் தொடங்கின. அயோவா மாநிலத்தின் 99 கவுன்டிகளுக்கும் போன ‘டெ மாயின் ரெஜிஸ்டர்’ ஒரு காலத்தில் ஞாயிறுகளில் 5 லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. 1985-இல் அது கானெட் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அடுத்து வந்த ஆண்டுகளில் டெ மாயினைச் சுற்றிய வளமான வட்டத்தின் மேல் கவனத்தைக் குவித்து, ஓரத்துக் கவுன்டிகளிலிருந்து பின்வாங்கியது. ஜார்ஜியா மாநிலம் முழுவதும் பரவியிருந்த ‘அட்லாண்டா ஜர்னல் கான்ஸ்டிடியூஷன்’ 2000-களின் இறுதிக்குள் மாநகரைச் சுற்றிய கவுன்டிகளுக்குள் சுருங்கியது. 2025 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அதன் அச்சுப் பதிப்பே நின்றுவிட்டது. கடைசியில் அட்லாண்டாவுக்கு நேர்ந்தது, அதே மாநிலத்தின் தெற்கே வால்டோஸ்டா பக்கத்துக் கிராமங்களுக்குப் பல ஆண்டுகள் முன்பே நேர்ந்துவிட்டது. அப்போது அது செய்தியாகவில்லை.

இந்தக் கணக்கு புதியதன்று என்பதை இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். கிராமத்துக்குப் பத்திரிகை கொண்டுபோவது எந்தக் காலத்திலும் தனியாக லாபம் தந்ததில்லை. அமெரிக்கக் குடியரசைத் தொடங்கியவர்கள் அதை அறிந்தேதான் தபால் சட்டத்தை எழுதினார்கள். 1792-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு கடிதத்தைத் தூரத்துக்கு ஏற்ப 6 முதல் 25 சென்ட் வரை கொடுத்துத்தான் அனுப்ப முடியும். செய்தித்தாளுக்கு 100 மைல் வரை 1 சென்ட், அதற்கு மேல் எவ்வளவு தூரமானாலும் ஒன்றரை சென்ட். பத்திரிகை ஆசிரியர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் பிரதிகளுக்குக் கட்டணமே இல்லை. பரந்த நாட்டில் மக்கள் கருத்து உருவாக வேண்டுமானால் செய்தித்தாள் மக்கள் கூட்டம் முழுவதிலும் ஓட வேண்டும் என்று அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மாடிசன் அதற்கு முந்தைய ஆண்டில் எழுதியிருந்தார். வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் ஜான் காட்டும் கணக்கு வியக்க வைப்பது: 1832-இல் தபால் பைகளின் எடையில் 95 சதவீதம் வரை செய்தித்தாள்கள்தான், ஆனால் தபால் வருமானத்தில் அவற்றின் பங்கு 15 சதவீதத்தைத் தாண்டவில்லை. மிச்சத்தைக் கட்டியவர்கள் கடிதம் எழுதியவர்கள். காட்டுக்குள் மரக்குடிசை போட்டிருந்த குடியேறிகள்கூடச் செய்தித்தாள் படிப்பதைக் கண்டு 1831-இல் பிரெஞ்சு எழுத்தாளர் டோக்வில் அதிசயித்தாரே, அந்த அதிசயத்துக்குப் பின்னால் இந்த ஒன்றரை சென்ட் இருந்தது.

அப்போதும் விவசாயி தபாலைத் தேடிப் பக்கத்து ஊர் அஞ்சலகத்துக்குக் குதிரையிலோ வண்டியிலோ போக வேண்டியிருந்தது. வாரம் ஒருமுறை போவார், வார ஏடுதான் படிப்பார். 1896 அக்டோபர் 1-ஆம் தேதி மேற்கு வர்ஜீனியாவின் சார்லஸ் டவுன், ஹால்டவுன், யுவிலா என்ற மூன்று ஊர்களில் வீடு தேடித் தபால் கொடுக்கும் கிராமப்புற விநியோகம் சோதனையாகத் தொடங்கியது. 1902-இல் நிரந்தரமானது. நகரத்து நாளிதழ் பண்ணை வீட்டுக்குத் தினமும் வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அதாவது தினசரி படிக்கும் கிராமத்து வாசகரை உருவாக்கியதே ஒரு பொதுச் செலவு. அவரை இப்போது கைவிடுவதும் ஒரு முடிவுதான். ‘சந்தை மாறிவிட்டது’ என்று யாராவது சொல்லும்போதெல்லாம் 1792-ஐயும் 1896-ஐயும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

கனடாவில் இந்த முடிவு வெளிப்படையாகவே அறிவிக்கப்பட்டது. நாடு முழுவதற்குமான ஏடு என்று தன்னை அழைத்துக்கொள்ளும் ‘குளோப் அண்ட் மெயில்’ 2013-இல் நியூஃபவுண்ட்லாந்துக்கு அச்சுப் பிரதி அனுப்புவதை நிறுத்தியது. 2017 நவம்பர் இறுதியில் மற்ற அட்லாண்டிக் மாகாணங்களுக்கும் நிறுத்தியது. அங்கே பிரதிகளைக் கொண்டுசேர்க்க ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் கனடிய டாலர் கைக்காசு போட வேண்டியிருக்கிறது என்று நிர்வாகம் சொன்னது. அதைச் சம்பளத்துக்குச் செலவிடுவது மேல் என்பது அதன் வாதம். ஹாலிஃபாக்ஸ் வாசகர் தொகை கட்டி மின்பதிப்பைப் படிக்கலாம். ஆனால் தேசிய ஏட்டின் ‘தேசம்’ கிழக்கில் நான்கு மாகாணங்கள் குறைந்து முடிந்தது.

ஜெர்மனியின் கதை இன்னும் நுணுக்கமானது. அங்கே நாளிதழ் என்றால் இன்றும் விடிவதற்கு முன் வாசலில் கிடக்கும் பொருள். 2023 மே 1-ஆம் தேதி முதல், துரிங்கியா மாநிலத்தின் கிரைட்ஸ் மாவட்டத்தில் சில பகுதிகளுக்கு ‘ஓஸ்ட்துரிங்கர் ட்சைட்டுங்’ அச்சுப் பிரதியைப் போடுவதில்லை என்று அதை வெளியிடும் ஃபுங்க்கே குழுமம் முடிவெடுத்தது. பாதிக்கப்பட்ட சந்தாதாரர்கள் சுமார் 300 பேர். 300 பேருக்காக நாடு முழுவதும் ஊடகத்துறை பேசியது. காரணம், ஒரு பெரிய குழுமம் ஒரு நிலப்பகுதியை அச்சு வரைபடத்திலிருந்தே அழித்தது அங்கே அதுதான் முதல் தடவை. அதே ஆண்டு அக்டோபரில் மட்சாக் குழுமத்தின் ‘மேர்க்கிஷெ அல்கெமைனெ’ பிராண்டன்பர்க் மாநிலத்தின் பிரிக்னிட்ஸ் மாவட்டத்துக்கு அச்சுப் பிரதியை நிறுத்தியது. சதுர கிலோமீட்டருக்கு 35 பேர் அளவில்தான் அங்கே மக்கள் வசிக்கிறார்கள். ஜெர்மனியிலேயே மிக நெருக்கம் குறைந்த மாவட்டங்களில் அது ஒன்று.

இரண்டு இடமுமே பழைய கிழக்கு ஜெர்மனி என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. 1990-க்குப் பிறகு இளைஞர்கள் மேற்கே போய்விட, முதியவர்கள் மிஞ்சிய ஊர்கள் அவை. பள்ளி மூடியது, ரயில் பாதை நின்றது, மருத்துவர் ஓய்வுபெற்றார், புதியவர் வரவில்லை. அந்த வரிசையில் செய்தித்தாளும் சேர்ந்துகொண்டது. அச்சகமும் தள்ளிப் போனது. எர்ஃபுர்ட் நகரில் இருந்த தன் அச்சகத்தை ஃபுங்க்கே குழுமம் 2021 இறுதியில் மூடியது. அச்சு வேலை லோயர் சாக்சனியின் பிரவுன்ஷ்வைக் உள்ளிட்ட வெளியிடங்களுக்கு மாறியது. அச்சகம் தள்ளிப் போனால் லாரி சீக்கிரம் கிளம்ப வேண்டும், லாரி சீக்கிரம் கிளம்பினால் பக்கங்களைச் சீக்கிரம் முடிக்க வேண்டும். நம் பத்திரிகை அலுவலகங்களில் டாக் எடிஷன் என்று சொல்லும் தூரத்து ஊர்ப் பதிப்பின் குறை எல்லோருக்கும் தெரியும். இரவு நடந்த எதுவும் அதில் இருக்காது. நிறுத்தப்படுவதற்கு முன்பே கிராமத்துப் பிரதி இப்படித்தான் நலிந்துபோகிறது. நலிந்ததை வாங்க ஆள் குறையும், ஆள் குறைந்ததைக் காட்டி நிறுத்துவார்கள்.

கூலியும் ஏறியது. 2015-இல் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வந்தபோது பேப்பர் போடுகிறவர்களுக்கு மட்டும் முதல் ஆண்டு 75 சதவீதம், அடுத்த ஆண்டு 85 சதவீதம் என்று தனி விலக்கு தந்தார்கள். 2022 அக்டோபரில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12 யூரோ ஆனது. குளிர்கால இரவில் மூன்று மணிக்கு எழுந்து கிராமம் கிராமமாக வண்டி ஓட்டுகிறவருக்கு 12 யூரோ அதிகம் என்று எவரும் மனசாட்சியோடு சொல்ல முடியாது. ஏழைத் தொழிலாளியின் குறைந்த கூலியில்தான் இத்தனை நாள் அந்தச் சேவை நடந்தது என்பதே இதிலிருந்து தெரியவரும் கசப்பான உண்மை. அந்த இடைவெளியை அரசு நிரப்பலாம் என்று ஒரு யோசனை வந்தது. பத்திரிகைத் துறைக்கு 22 கோடி யூரோ உதவி என்ற திட்டம் 2020-இல் வகுக்கப்பட்டது. 2021 ஏப்ரலில் கைவிடப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் கிரைட்ஸ்.

அப்படி நின்றுபோன பிறகு தேடும் வழிகள் என்ன? முதல் வழி தபால். அமெரிக்காவில் கானெட் உள்ளிட்ட நிறுவனங்கள் 2020-களில் பல ஊர்களில் தங்கள் ஒப்பந்தக்காரர்களை நிறுத்திவிட்டு, பிரதிகளை அஞ்சலகத்திடம் ஒப்படைத்தன. 1896-க்குத் திரும்பியது போலத்தான். ஆனால் தபால்காரர் விடியற்காலையில் வர மாட்டார், அவர் வரும்போது நண்பகல் ஆகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாளிலும் தபால் கிடையாது. வாரத்தின் கனமான இதழான ஞாயிறு இதழ் சனிக்கிழமையே வரும் அல்லது திங்களன்று வரும். அஞ்சல் துறையும் பழைய அஞ்சல் துறையாக இல்லை. 2021-இல் தொடங்கிய பத்தாண்டுச் சீரமைப்புத் திட்டத்தில் பருவ இதழ்களுக்கான கட்டணம் திரும்பத் திரும்ப ஏற்றப்பட்டது. தொலைதூர ஊர்களில் தபால் சேரும் வேகமும் குறைந்தது. 1792-இல் செய்தித்தாளுக்காகக் கடிதம் காசு கட்டியது. இன்று கடிதமே குறைந்துவிட்டதால் அந்தக் குறுக்கு மானியத்துக்கு ஊற்றே வற்றிவிட்டது.

இரண்டாவது வழி கடை. இதில் ஜெர்மனி ஓர் அருமையான ஏற்பாட்டை வைத்திருக்கிறது. பத்திரிகை மொத்த வியாபாரிகளுக்கு அங்கே வட்டாரம் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. தன் வட்டாரத்தில் கேட்கும் எந்தக் கடைக்கும், அது கடைக்கோடிக் கிராமத்து ரொட்டிக்கடையே ஆனாலும், அவர் இதழ் கொடுத்தாக வேண்டும். விற்காத பிரதியைக் கடைக்காரர் திருப்பித் தரலாம். விலையும் நாடு முழுவதும் ஒன்றுதான், தூரத்துக்காகக் கூட்ட முடியாது. ஏடு எதுவானாலும் சின்னக் கடையிலும் கிடைக்க வேண்டும் என்ற கருத்துச் சுதந்திரக் கொள்கையிலிருந்து பிறந்தது இது. குறை ஒன்றுதான்: கடை இருக்க வேண்டும். ஊரின் ஒரே ரொட்டிக்கடை மூடிவிட்டால் எத்தனை நல்ல ஏற்பாடும் அந்த ஊருக்குள் நுழைய முடியாது. அமெரிக்காவில் அந்தப் பாதுகாப்பும் இல்லை. கால் டாலர் காசு போட்டு எடுக்கும் தெருமுனைப் பெட்டிகள், விலை 2, 3 டாலருக்கு ஏறிய பிறகு பயனற்றுப் போயின. யாரும் அத்தனை சில்லறையைப் பையில் வைத்துக்கொண்டு நடப்பதில்லை.

மூன்றாவது வழி நூலகம். அங்கே பிரதி இருக்கும், ஆனால் அது தபாலில் வந்தது, ஆகவே முந்தைய நாளுடையது. சிறிய ஊர் நூலகம் வாரத்தில் சில நாள் மட்டும் திறந்திருக்கும். கார் ஓட்ட முடிந்தவருக்கு இவை எல்லாம் வழிகள்தான். பத்து கிலோமீட்டர் போய்ப் பிரதி வாங்குகிறவர், தம் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒன்று சேர்த்து வாங்கி வருகிறவர் எந்த நாட்டுக் கிராமத்திலும் இருப்பார். கண்பார்வை மங்கி, கார் சாவியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்ட எண்பது வயதுக்காரருக்கு அந்த நல்ல மனிதரின் தயவுதான் மிஞ்சும். காசு கட்டி உரிமையாகப் பெற்றது இன்னொருவரின் உதவியாக மாறிவிடுகிறது. இதைச் சிறிய மாற்றமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பத்திரிகை கைக்கு வராதபோது மனிதர்கள் எதை இழக்கிறார்கள் என்று கேட்ட பழைய ஆய்வு ஒன்று உண்டு. 1945 ஜூன் 30-ஆம் தேதி நியூயார்க்கில் செய்தித்தாள் விநியோகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 17 நாள் நடந்தது. செய்தித்தாள்கள் அச்சாகிக்கொண்டிருந்தன, கொண்டுபோக ஆளில்லை. மக்கள் பத்திரிகை அலுவலக வாசல்களில் நீண்ட வரிசையில் நின்று வாங்கினார்கள். மேயர் லாகார்டியா வானொலியில் குழந்தைகளுக்குச் சித்திரக்கதை படித்துக் காட்டினார். அந்த நாட்களில் வாசகர்களைச் சந்தித்து விரிவாகப் பேட்டி எடுத்து, ஆய்வாளர் பெர்னார்ட் பெரல்சன் 1949-இல் ஒரு கட்டுரை எழுதினார். எல்லோரும் உலகச் செய்தி தெரியாமல் தவிப்பதாகச் சொன்னார்கள். எந்தச் செய்தி என்று துருவிக் கேட்டால் பலரால் சொல்ல முடியவில்லை. வானொலி நேரம், சினிமா நேரம், கடை விலை, யார் இறந்தார் என்ற அறிவிப்பு, மற்றவர்களோடு பேச ஒரு விஷயம், காலை உணவோடு இருக்கும் சில நிமிட அமைதி, இவைதான் அவர்கள் உண்மையில் இழந்தவை. சிலர் பழைய செய்தித்தாள்களை எடுத்து மறுபடி படித்தார்கள். அன்றைய நியூயார்க்காருக்கு 17 நாளில் அது முடிந்தது.

இரண்டாவது ஆய்வு நம் காலத்தது. லண்டன் ‘இண்டிபெண்டன்ட்’ 2016 மார்ச்சில் அச்சை நிறுத்தி முழுக்க இணையத்துக்குப் போனது. ஆய்வாளர்கள் நீல் தர்மனும் ரிச்சர்ட் ஃபிளெச்சரும் அதற்கு முன்பும் பின்பும் இருந்த வாசிப்பை அளந்தார்கள். வாசகர் எண்ணிக்கை குறையவில்லை, சற்றுக் கூடவே செய்தது. ஆனால் பிரிட்டனில் அந்த ஏட்டைப் படிப்பதில் செலவான மொத்த நேரம் ஓராண்டில் 81 சதவீதம் சரிந்தது. அச்சு வாசகர் நாளொன்றுக்கு 37 முதல் 50 நிமிடம் வரை அதோடு இருந்தார். இணைய வாசகர் மாதம் ஒன்றுக்கு 6 நிமிடம். அச்சில் படித்தவர்கள் அதே நேரத்தை எடுத்துக்கொண்டு இணையத்துக்கு வரவில்லை. ‘மாறிவிடுவார்கள்’ என்ற நம்பிக்கையில் கிராமத்து விநியோகத்தை நிறுத்தும் எந்த நிர்வாகமும் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

இந்த எண்ணோடு வைத்துப் பார்க்கும்போதுதான் பிளைத்வில்லின் 70 சதவீதம் எவ்வளவு பெரியது என்று புரிகிறது. அது ஐபேடின் மாயம் இல்லை. பத்திரிகை ஊழியர்கள் ஊர் ஊராகப் போய், சந்தாதாரர்களை வரவழைத்து, ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள்: எங்கே தொட வேண்டும், எழுத்தை எப்படிப் பெரிதாக்க வேண்டும், குறுக்கெழுத்து எங்கே இருக்கிறது. பக்க அமைப்பையும் அவர்கள் மாற்றவில்லை. முதல் பக்கம் முதல் பக்கமாகவே இருந்தது, கடைசிப் பக்கம் என்று ஒரு முடிவும் இருந்தது. காலையில் ஒருமுறை இறக்கிக்கொண்டால் பிறகு இணைய இணைப்பு தேவையில்லை. பெரல்சன் சொன்ன பழக்கத்தை அப்படியே தூக்கி இன்னொரு பாத்திரத்தில் வைக்கும் முயற்சி அது. மாதம் 34 டாலர் சந்தா வாங்கிக்கொண்டு இதைச் செய்தார்கள் என்பதையும், இதற்கு வசதியில்லாத பதிப்பாளர்களே பெரும்பாலோர் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். வேறு இடங்களில் நடந்தது இதன் நிழல்கூட இல்லை. இன்ன தேதி முதல் பிரதி வராது, இந்த முகவரியில் கணக்குத் திறந்து படியுங்கள் என்று ஒரு கடிதம், அவ்வளவுதான்.

அரசு இதில் தலையிட முடியுமா என்பதற்கு வடக்கு ஐரோப்பாவில் விடை இருக்கிறது. நார்வேயில் 2020 ஜூலையில் தபால் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் என்று ஆனது. கடிதம் குறைந்துவிட்டதால் அந்த முடிவில் தவறில்லை. ஆனால் பத்திரிகை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தால் அது நாளிதழ் ஆகாது. எனவே தபால் வராத நாட்களில், வேறு விநியோகம் இல்லாத கிராமப் பகுதிகளுக்குச் செய்தித்தாள் கொண்டுபோகும் சேவையை அரசே ஒப்பந்தம் விட்டு விலைக்கு வாங்கியது. பின்லாந்தும் மக்கள் அடர்த்தி குறைந்த பகுதிகளில் நாளிதழ் விநியோகத்துக்கென்று 2023-இல் உதவித்தொகை கொண்டுவந்தது. இவர்களும் திரையை வெறுக்கிறவர்கள் இல்லை. இணையப் பழக்கத்தில் உலகிலேயே முன்னணியில் நிற்கும் நாடுகள் அவை. அப்படியிருந்தும், மலைக்கு அந்தப்பக்கம் இருப்பவருக்கும் ஆஸ்லோக்காரருக்கும் ஒரே காலையில் ஒரே பத்திரிகை கிடைக்க வேண்டும் என்று நினைத்தார்கள். பக்கத்து டென்மார்க் எதிர்த்திசையில் போயிருக்கிறது. 1624-இல் தொடங்கிய அரசுத் தபால் மரபு அங்கே 2025 டிசம்பர் 30-ஆம் தேதி கடைசிக் கடிதத்தோடு முடிந்து, கடிதம் கொண்டுபோவது தனியார் வேலையாகிவிட்டது. வளமும் பண்பாடும் ஏறக்குறைய ஒன்றாக உள்ள நாடுகளே இப்படி வெவ்வேறு முடிவெடுக்கின்றன என்றால், இதில் தொழில்நுட்பத்தின் கட்டாயம் என்று எதையும் சொல்ல முடியாது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து இந்தக் கதையில் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. தமிழ்நாட்டைப் போல 13 மடங்குக்கும் மேல் பரப்புள்ள மாநிலம் அது. 2020 மே மாதம் நியூஸ் கார்ப் நிறுவனம் நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட வட்டார, சமூக ஏடுகளின் அச்சை நிறுத்துவதாக அறிவித்தது. ராக்ஹாம்ப்டனில் 1861 முதல் வந்துகொண்டிருந்த ‘மார்னிங் புல்லட்டின்’ அவற்றில் ஒன்று. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில், பிரிஸ்பேனிலிருந்து வரும் ‘கூரியர் மெயில்’ மாநிலத்தின் தொலைதூர, உட்பகுதி ஊர்களுக்கு அனுப்பப்படுவதும் நின்றது. சில மாத இடைவெளியில் உள்ளூர் ஏடும் போய், தலைநகர் ஏடும் போன ஊர்கள் பல. இணைய இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் மாட்டுப் பண்ணைகளில் இருப்பவர்கள் இணையத்தில் படித்துக்கொள்ளும்படி சொல்லப்பட்டார்கள்.

அந்த வெற்றிடத்துக்குள் சிறிய பதிப்பாளர்கள் நுழைந்தார்கள். ராக்ஹாம்ப்டனில் ‘சிகியூ டுடே’, கிம்பியில் ‘கிம்பி டுடே’ என்று அச்சு வார ஏடுகள் முளைத்தன. ஊர் ஏஜென்ட் கடைகளிலும் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் அவை விற்றன, விளம்பரமும் கிடைத்தது. வாசகர் அச்சைக் கைவிட்டுவிட்டார் என்று சொல்லப்பட்ட அதே ஊர்களில் இது நடந்தது. ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று வட்டார ஏடுகளின் நிலையை விசாரித்து 2022 மார்ச்சில் அறிக்கை தந்தது. அரசின் அச்சு விளம்பரத்தில் குறைந்தது 20 சதவீதம் வட்டார ஏடுகளுக்குப் போக வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. இந்தப் புது ஏடுகள் வாரத்துக்கு ஒருமுறை வருகின்றன, ஊர்ச் செய்தியைச் சொல்கின்றன. பிரிஸ்பேன் சட்டமன்றத்தில் தங்கள் தொகுதி பற்றி என்ன முடிவானது என்பதை மறுநாள் காலையில் காகிதத்தில் படித்த வாசகருக்கு அந்த நாளிதழ் இன்னும் திரும்பி வரவில்லை. அதைக் கொண்டுபோக ஒரு வண்டிக்கு ஆகும் செலவை யார் தருவது என்று கேட்கும் சட்டம் எதுவும் அந்த மாநிலத்தில் இதுவரை எழுதப்படவில்லை.